மகேந்திரராஜா இறங்கிய வயல்

சேலையைக் கணுக்காலுக்கு மேலே தூக்கிப் பிடித்துக்கொண்டு சந்திரகாந்தி பார்லி வயலுக்குள் இறங்கினாள். பதினொரு மணிக்கு ஜெர்மனியின் பீலெஃபெல்ட் நகர மயான மண்டபத்தில் கணவர் மகேந்திரராஜாவின் இறுதிக்கிரியை. வழியில் காரை நிறுத்தச் சொன்னது அவள்தான்.

"அக்கா, நேரம் போகுது," என்றான் தம்பி பிருந்தன். அவன் வலது கையில் கட்டு. ஞாயிற்றுக்கிழமை அத்தான் ஓட்டி இந்த வயலில் இறக்கிய சின்ன விமானத்தில் அவருக்குப் பக்கத்தில் இருந்தவன் அவன்.

"எஞ்சின் எவ்விடத்தில நிண்டது? காட்டு."

"அந்த மரங்களுக்கு மேல வரேக்க. ஓடுபாதை முன்னுக்குத் தெரியுது. திடீரெண்டு எஞ்சின் இழுக்கேல்லை. அத்தான் ரெண்டு மூண்டு தரம் முடுக்கிப் பாத்தவர். பிறகு விட்டிட்டார்."

"பிறகு?"

"பிளேன்ர மூக்கைக் கீழ பதிச்சவர். மேல தூக்குங்கோ எண்டு நான் கத்தினன். 'தூக்கினா விழுந்திடுவம். மோதினா கதவு இறுகிப்போம், நீ இப்பவே திறந்து விடு' எண்டார். தேத்தண்ணி கேக்கிற மாதிரி, அக்கா. அதே குரல்."

அவள் சுற்றிப் பார்த்தாள். இடப்பக்கம் வீடுகள். வலப்பக்கம் உயரழுத்த மின்கம்பிகள். எதிரே, ஓடுபாதைக்கு முன்னால், வாகனங்கள் இரைந்தோடும் பெருஞ்சாலை. நடுவில் இந்த ஒரு துண்டு வயல்.

"அவருக்கு யோசிக்க எவ்வளவு நேரம் இருந்திருக்கும்?"

"இருவது செக்கன். அதுவும் இராது."

சமையலறை அலுமாரி செய்யும் தொழிற்சாலையில் இருபத்தாறு வருடம் வேலை செய்த மனுசன். சட்டை வாங்கப் போனால் நீலமா வெள்ளையா என்று அவளைத்தான் கேட்பார். நாற்பத்தொன்பது வயதில் சாப்பாட்டு மேசை முழுக்க ஜெர்மன் புத்தகங்களைப் பரப்பி வைத்துப் படித்து, விமானம் ஓட்ட லைசென்ஸ் எடுத்தார். "நான் ஓட்டுறதை ஒருக்கா வந்து பாருமப்பா," என்று ஆறு வருடமாகக் கேட்டார். "எனக்கு ஏலாது," என்பதே அவளுடைய பதில்.

பயிர் படுத்திருந்த தடத்தில் அவள் நடக்கத் தொடங்கினாள். மூன்று சக்கரக் கோடுகள். எங்கும் வளையவில்லை. நூறு அடி, இருநூறு அடி, இன்னும் போயின. கடைசியில் வாய்க்கால். அதன் கரையில் மோதியது அவர் இருந்த பக்கம். பிருந்தன் தானாக இறங்கி நடந்தான். அவர் அன்று பின்னேரம் ஆஸ்பத்திரியில் கண்ணை மூடினார்.

வாய்க்கால் கரையில் நின்று அவள் திரும்பிப் பார்த்தாள்.

"இவ்வளவு நேராவோ," என்றாள், தனக்குள் போல.



மரங்களுக்கு மேலாக வேறொரு சின்ன விமானம் வந்தது. இறங்குவதற்காக அதன் சத்தம் குறைந்தது. பிருந்தன் சட்டென்று பயிருக்குள் குந்திக் காதைப் பொத்திக்கொண்டான்.

சந்திரகாந்தி குந்தவில்லை. நெற்றியில் கையை வைத்து வெயிலை மறைத்து, அது பெருஞ்சாலையைத் தாண்டித் தரையைத் தொட்டு, மெல்ல ஓடி நிற்கும்வரை கண்ணை எடுக்காமல் பார்த்து நின்றாள்.