மீன் ஆலை வாசலில் ஒரு நிழற்குடை

ஷிஃப்ட் முடிந்ததும் மீன் ஆலையின் கதவைப் பூட்டிவிடுவார்கள். பேருந்து வரும்வரை பெண்கள் வெட்டவெளியில்தான் நிற்க வேண்டும். கடலிலிருந்து காற்று பனிமழையை வாரி முகத்தில் அடிக்கும். அவர்களில் டோர்டிஸுக்கு முழங்கால் மூட்டு தேய்ந்துவிட்டது. பேருந்து நிறுத்தக் கம்பத்தைப் பிடித்துக்கொண்டு ஒற்றைக் காலில் நிற்பாள்.

நகராட்சிப் பொறியாளன் ஐவின் நிழற்குடை கேட்டுப் பலமுறை எழுதிப் பார்த்தான். நிதி இல்லை என்றார்கள். ஆள் விடுவதாயில்லை. படகுத்துறையில் மிஞ்சிய பலகைகளைக் கேட்டு வாங்கி, சனிக்கிழமை டுக்னாடுக்கு ஊரைக் கூப்பிட்டான். கூலி பேசாமல் ஊரே கூடி உழைக்கும் நாள் அது. வராதவர்கள் அப்புறம் கடைத்தெருவில் தலைகாட்ட முடியாது. காபியும் வாஃபிள் மாவுமாக எல்லோரும் வந்தார்கள்.

சாயங்காலத்துக்குள் நிழற்குடை எழுந்துவிட்டது. டோர்டிஸ் முதல் ஆளாக உள்ளே உட்கார்ந்து பார்த்தாள். காற்று நேரே உள்ளே வந்து அறைந்தது.

"ஏம்ப்பா ஐவின், வாசலக் கடலப் பாத்தா வப்பாங்க?"

"இல்ல... சாயங்காலம் அந்த மலைமேல வெளிச்சம் விழும் பாருங்க, அதான்..."

"வெளிச்சத்த நீ வீட்ல உக்காந்து வரைஞ்சுக்க. எங்களுக்குக் குளிருது!"

ஊரே சிரித்தது. ஞாயிறுதோறும் தூரிகையும் கையுமாக அலைகிறவன் பேருந்து நிறுத்தத்துக்கும் படச்சட்டம் போட்டுவிட்டான். அவனுக்குக் காதுவரை சிவந்துவிட்டது. அடுத்த சனிக்கிழமை அத்தனை பேரும் மறுபடி வந்து, முணுமுணுத்துக்கொண்டே அதைப் பாறைப் பக்கம் திருப்பி வைத்தார்கள்.

பாறையையே பார்த்துக்கொண்டு உட்காரவேண்டுமே என்று அவனுக்கு மனசு கேட்கவில்லை. உள்ளே பக்கச் சுவரில் கடலை வரைந்தான். கரையில், காலை நீட்டி உட்கார்ந்திருக்கும் டோர்டிஸையும் வரைந்தான்.

"என் மூக்கு அவ்ளோ பெருசாவா இருக்கு?"

"கொஞ்சம் குறைச்சுத்தான் போட்டேன்."

அந்த வாரம் முழுக்க டோர்டிஸ் சந்தோஷமாக இருந்தாள். பேருந்து தாமதமானாலும் யாரும் திட்டவில்லை.

பிறகு நகராட்சிக்குத் திறப்பு விழா ஞாபகம் வந்தது. அன்றும் பனிமழை. மேயர், உறுப்பினர்கள், கதவைப் பூட்டச் சொல்லும் ஆலை மேலாளர், எல்லோரும் உள்ளே ஒதுங்கினார்கள். பெஞ்சு நிறைந்தது. நகராட்சியின் அக்கறையைப் பற்றி மேயர் பேசிக்கொண்டிருக்கும்போது ஷிஃப்ட் முடிந்து பெண்கள் வந்தார்கள்.

"டோர்டிஸ், உள்ள வாங்க," ஐவின் வெளியே வந்து கூப்பிட்டான்.

"எங்கப்பா இடம்?"

"போட்டோல நீங்க விழறீங்க, கொஞ்சம் தள்ளி நில்லுங்க," என்றார் பத்திரிகைக்காரர்.

அவள் ஐவினின் தோளைப் பிடித்துக்கொண்டு மழைக்குள் நகர்ந்தாள். உள்ளே, மேயரின் தலைக்குப் பின்னால், சுவரில் டோர்டிஸ் காலை நீட்டி நனையாமல் உட்கார்ந்திருந்தாள்.