வெடிக்கு மூன்று அடி

1

வலது தோள் வலிக்கிறது. பதினைந்து வயதிலிருந்து சம்மட்டி தூக்கிய தோள். இரண்டு பக்கம் எழுதினாலே குத்துகிறது. இந்தக் கதை அந்த வலியிலிருந்துதான் வந்தது. முதலில் இப்படித் தொடங்கியிருந்தேன்:

'பொழிச்சலூரை அடுத்த குன்றில், 1971இல் ஒரு மாலை, கற்கள் பாடத் தொடங்கின, அவற்றின் இனிய—'

அடித்துவிட்டேன். கல் பாடாது. எவனாவது அடித்தால் சத்தம் வரும், அவ்வளவுதான்.

2

அந்தக் குன்றில் கல் உடைக்கிறவர்கள் நாங்கள். ஆப்பு இறக்குமுன் கல்லைத் தட்டிப் பார்ப்போம். கணீரென்றால் நல்ல கல். மந்தமாகக் கேட்டால் உள்ளே விரிசல். பள்ளியில் பாட்டுச் சொல்லித்தரும் சிட்லபாக்கம் சாலமோன் வாத்தியார் ஒருநாள் அந்தச் சத்தத்தை நின்று கேட்டார். கணீரென்றவற்றை ஒதுக்கி வைக்கச் சொன்னார். ஆறு மாதம், ஞாயிறுதோறும், கூலியில்லாமல் செதுக்கிக் குன்றின் மேல் வரிசையாகத் தொங்கவிட்டோம். ஸ முதல் த வரை ஆறு ஸ்வரத்துக்கு ஆறு கல். நி மட்டும் எந்தக் கல்லிலும் வரவில்லை.

வந்தது ஒரு தண்டவாளத் துண்டில். பாறைக்கு வைத்த வெடி வெடிக்குமுன் அதில் மூன்று அடி அடித்தால் கீழே இருப்பவர்கள் ஓடிவிட வேண்டும். அடிப்பது சவுரிமுத்துவின் வேலை.

"இன்னா வாத்தியாரே, என் மணியவே கேக்குற?"

"எங்கேயும் கொண்டுபோகலையே சவுரி. பத்தடி தள்ளி மாட்டுறோம். நீ அங்கேயே வந்து அடி."

"குடுத்துடுடா," என்றான் பக்கத்தில் நின்ற வடிவேலு, எங்களோடு கல் உடைக்கிறவன். "ஓடறதுக்கும் மியூசிக்கு கெடைக்கட்டும்."

கொடுத்துவிட்டான். (ஏன்? நான்கு தடவை எழுதிப் பார்த்தேன். தன் இரும்பு ஒரு பாட்டில் சேர்வது அவனுக்குப் பிடித்திருந்தது. வேறு காரணம் அகப்படவில்லை.)

3

தாம்பரத்திலிருந்தும் குரோம்பேட்டையிலிருந்தும் ஜனம் பார்க்க வந்தது. ஞாயிறுகளில் மட்டும், அன்று வெடி கிடையாது. பிறகு ஒரு புதன்கிழமை, பள்ளிப் பிள்ளைகள் நாற்பது பேர் வந்தார்கள். வெடிக்கு எப்படி அடிப்பீர்கள் என்று ஒருத்தி கேட்டாள். சவுரிமுத்து அடித்துக் காட்டினான். காலை முழுக்கப் பிள்ளைகளும் மூன்று மூன்றாக அடித்தார்கள். முதல் தடவை கீழே எல்லோரும் ஓடினோம். அடுத்த தடவை பாதிப் பேர். அப்புறம் யாரும் ஓடவில்லை.

பதினொன்றரைக்குத் திரி பற்றவைத்தாயிற்று. சவுரிமுத்து பிள்ளைகளை விலக்கிவிட்டு மூன்று அடி அடித்தான். கீழே வடிவேலு கூழ் குடித்துக்கொண்டிருந்தான்.

"பசங்க வெளாடுதுங்க," என்றான்.

நான் ஒரு பாறைக்கு இந்தப் பக்கம் இருந்தேன். நானும் அசையவில்லை.

4

ஒரு முடிவில் சவுரிமுத்து கத்திக்கொண்டே சரிவில் இறங்கி ஓடுகிறான், வடிவேலு கூழை வைத்துவிட்டு எழுந்து—

இல்லை. அவன் இறங்கவில்லை.

இன்னொன்றில் திரி நமுத்துப்போகிறது. அது தை மாதம், நல்ல வெயில். நமுக்கவில்லை.

வடிவேலுவின் பதினாறாம் நாள் காரியம் முடிந்து, அவன் மனைவி கங்கம்மா குன்றுக்கு வந்து சவுரிமுத்துவிடம் கேட்டாள்.

"அண்ணே, பசங்க அடிச்சிக்கினே இருந்தது உனக்குத் தெரியும் இல்ல? எறங்கி வந்து ஒரு கொரல் குடுக்கறதுக்கு இன்னா?"

"அடிச்சேம்மா."

"அடிச்சது எனக்கும் தெரியும். நான் அதக் கேக்கல."

அவன் அடுத்துச் சொல்ல வேண்டியதற்கு இடம் விட்டிருக்கிறேன்:

"…………"

ஏழு வருஷமாக நான் எழுதிப் போட்டதெல்லாம் எனக்கும் சேர்த்துத் தேடிய சமாதானம். எல்லாவற்றையும் கிழித்தாயிற்று. உங்களுக்கு வந்தால் நிரப்புங்கள். கங்கம்மா இப்போது பம்மலில் ஜல்லி உடைக்கிறாள். அவளுக்கு ஒரு பதில் பாக்கி.