ஆறு காலி லோரி

டோக்கியோவிலிருந்து மந்திரி வருகிறார் என்று தோட்டத்துக் கணக்கரான கிராணி கணேசமூர்த்தி, ஆள் எண்ணும் காலைப் பெரட்டில் அறிவித்தபோது, உப்பில்லாக் கஞ்சி குடித்துக்கொண்டிருந்த அந்தப் பெடாஸ் ரப்பர் தோட்டத்துக்கு நாக்கில் தேன் தடவியது போலிருந்தது.

"நம்ம இந்தியாவோட சிநேகம் பேச வர்றாரு. அரிசி வரும், துணி வரும். நம்ம ஆம்பளைங்க வீரத்தக் காட்டணும். சடுகுடு, சிலம்பம், எல்லாம் தொரை காலத்துப் பொங்கல் மாதிரியே!"

வெள்ளைக்காரத் துரை இருந்தவரை பொங்கல் விளையாட்டில் ஜெயித்தவனுக்கு ஒரு டின் பால் கிடைக்கும். ஜப்பான்காரன் வந்ததும் துரை தோட்டத்தைப் போட்டுவிட்டு ஓடி ஒன்றரை வருஷமாகியும் அந்த ருசி யாருக்கும் மறக்கவில்லை. பெரிய மனிதன் எவன் வந்தாலும் உடம்பு பலத்தைக் காட்டினால் பரிசு உண்டு என்று தோட்டமே நம்பியது.

மந்திரி வரும் நாள் காலை ராக்கம்மா குடத்தோடு ஆபீசுப் பக்கம் போனாள். மந்திரியின் கார் இன்னும் வரவில்லை. அதற்கு முன்னாலேயே ஆறு லோரிகள் வந்து நின்றிருந்தன. குடத்தை இறக்கிவிட்டு ஒன்றின் பின்பலகையில் தொற்றி ஏறி எட்டிப் பார்த்தாள். அரிசி மூட்டை இல்லை. துணிக்கட்டு இல்லை. ஒரு தண்ணீர்ப் பீப்பாய், கயிற்றுச் சுருள், சாக்கு நிறையத் தகரக் குவளை. அடுத்ததிலும் அதே.

அவள் குடத்தை மறந்து கீழே குதித்தாள். கோலா பிலாப் பக்கத்திலிருந்து சயாமுக்கு ரயில் பாதை போட மூன்றே மாதம் என்று ஆட்களை இப்படித்தான் லோரியில் கூட்டிப் போனார்கள். போனவர்களில் ஒருத்தனும் திரும்பவில்லை.

கிராணியிடம் ஓடினாள். "குடுக்க வர்றவன் வண்டிய நெறச்சுக்கிட்டு வருவான். காலி லோரியோட வர்றவன் அள்ளிக்கிட்டுப் போகத்தான் வர்றான், கிராணியாரே!"

"பொம்பளைக்கு என்ன அரசியல் தெரியும்? வாய மூடு. தலை போயிரும்."

கூலிகளின் வரிசை வீடான லயத்தில் அவள் புருஷன் நல்லசாமி சிலம்பக் கம்பைத் துடைத்துக்கொண்டிருந்தான்.

"இந்தா பாரு மனுசா, இன்னைக்குத் தோத்துரு. இல்லன்னா காய்ச்சல்னு சுருண்டு படுத்துக்க."

"ஏழு வருசமா என்னை ஒருத்தன் தொட்டதில்ல. யாருகிட்டத் தோக்க? பக்கத்து வீட்டு இராஜமாணிக்கத்துக்கிட்டயா? அவன் சடுகுடுக்குச் சரி. கம்பப் புடிச்சா பால்வாளி தூக்குற மாதிரி இருக்கும்."

"தோக்கறது வெக்கமா, சாகறது வெக்கமா?"

இராஜமாணிக்கத்தின் பெண்டாட்டி மயிலம்மாள் அடுத்த வாசலிலிருந்து சிரித்தாள். "புருசன் ஜெயிச்சா கண்ணு பட்டுருமா ராக்கு?"

"ஒன் புருசனுக்கும் சேத்துத்தாண்டி சொல்றேன்!"

"போடி. ரெண்டு முழம் துணி கெடச்சாப் போதும்லா. இந்தச் சாக்கக் கட்டிக்கட்டித் தொடையெல்லாம் சிரங்கு."

ராக்கம்மா குனிந்து தன்னைப் பார்த்துக்கொண்டாள். அவள் இடுப்பிலும் சாக்குதான்.

மந்திரி வந்து இறங்கினார். வெள்ளைக் கையுறை, வட்டக் கண்ணாடி. தோட்டமே இடுப்பை வளைத்தது. நாமெல்லாம் அண்ணன் தம்பி என்று அவர் சொன்னதை ஒருவன் தமிழில் சொல்ல, கைத்தட்டல் ரப்பர் மரங்களுக்குள் போய் எதிரொலித்தது. சடுகுடு முடிந்ததும் ஜெயித்தவர்களின் மணிக்கட்டில் ஒரு சிப்பாய் சிவப்பு நாடா கட்டினான். இராஜமாணிக்கத்துக்கும் ஒன்று. ராணுவ டாக்டர் ஒவ்வொருவன் நெஞ்சையும் தட்டினான்; வாயைத் திறக்கச் சொல்லிப் பல்லைப் பார்த்தான்.

"பல்லப் பாக்குறான் பாருங்கடி! மாடு வாங்குறவன்தான் பல்லப் பாப்பான். அண்ணன் தம்பியா பாப்பான்?" என்றாள் ராக்கம்மா.

"சும்மா இருடி, மானத்த வாங்காத" என்றார்கள் சுற்றி நின்ற பெண்கள்.

நல்லசாமி களத்தில் இறங்கினான். எதிராளியின் கம்பு இரண்டே வீச்சில் எகிறி ராக்கம்மாவின் காலடியில் விழுந்தது. டாக்டர் நல்லசாமியின் தோளைப் பார்த்துத் தலையாட்டினான். சிப்பாய் நாடாவை உருவினான்.

ராக்கம்மா கம்பை எடுத்தாள். மந்திரியைக் கும்பிட்டபடி நின்ற புருஷனின் முழங்காலுக்குக் கீழே, மரம் பிளக்கிற மாதிரி ஓங்கிப் போட்டாள்.

எலும்பு முறிந்த சத்தம் எல்லோருக்கும் கேட்டது. மந்திரி ஒரு கணம் விழித்தார். பிறகு இதுவும் வேடிக்கையில் சேர்ந்தது என்று நினைத்துச் சிரித்துக் கை தட்டினார். டாக்டர் குனிந்து காலைத் தொட்டுப் பார்த்து, வேண்டாம் என்று கையை ஆட்டினான்.

சிரம்பான் பட்டணத்தில் மந்திரியோடு விருந்து என்றார்கள். நாடா கட்டியவர்கள் பீற்றிக்கொண்டே லோரியில் ஏறினார்கள். அதில் மூன்று லோரி நிறைந்தது. மீதி மூன்றுக்கு நிமிர்ந்து நின்றவனையெல்லாம் துப்பாக்கியால் நெட்டி ஏற்றினார்கள். அப்போதுதான் பெண்கள் அலறினார்கள். மந்திரியின் கார் முன்னே போக, லோரிகள் பின்னே போயின. ஒரு படி அரிசி இறங்கவில்லை.

மயிலம்மாள் ராக்கம்மாவின் மயிரைப் பிடித்து உலுக்கினாள். "ஒன் புருசன மட்டும் காப்பாத்திக்கிட்டியேடி பாவி!"

"சொன்னேனேடி! ஒன் வாசல்ல நின்னு கத்துனேனே! சிரிச்சியே!"

மயிலம்மாளின் பிடி தளர்ந்தது. ராக்கம்மா அவளைத் தள்ளிவிடவும் இல்லை, அணைத்துக்கொள்ளவும் இல்லை.

லயத்தில் நல்லசாமி மூங்கில் பத்தை வைத்துக் கட்டிய காலை நீட்டிக் கிடந்தான். அவள் முகத்தைப் பார்க்கவில்லை. கிராணி வந்து வாசலில் தலைகுனிந்து நின்றார்.

"ஆள் பத்தலையாம் ராக்கம்மா. அடுத்த மாசமும் வருவாங்களாம். நடக்கிறவன் பேரெல்லாம் எழுதித் தரணுமாம்."

நல்லசாமி சுவரைப் பார்த்தபடியே கேட்டான். "இந்தக் கால் ஆற எத்தன நாளாகும்?"

அடுப்புக்குள் திணிக்க அந்தச் சிலம்பக் கம்பைக் கையில் எடுத்திருந்த ராக்கம்மா, அதைத் திரும்பவும் கதவு மூலையில் சாத்தி வைத்தாள்.