ஐம்பத்தி நாலு புள்ளி ஆறு

அந்தப் பச்சை லைட்டை விளக்கு என்று முதலில் சொன்னது அம்சவள்ளிதான். அவள் புருசன் நாராயணசாமி அதற்கு மறுபேச்சுப் பேசவில்லை. செத்துப்போன மகன் இளஞ்செழியனின் படத்துக்குக் கீழே அவனுடைய பேட்டரி சைக்கிள் நிற்கிறது. அதன் சார்ஜர் வயரை அவள் சுவரிலிருந்து பிடுங்காமலே ஒரு வருசத்துக்கு மேல் ஆகிறது. சார்ஜ் முழுசாக ஏறிவிட்டால் சார்ஜரில் பச்சை எரியும். மற்ற வீடுகளில் படத்துக்கு முன்னால் எண்ணெய் விளக்கு, இந்த வீட்டில் இது. கேலி பேசுவதற்கென்றே பிறந்தவர்கள் நாலு பேர் அந்தத் தெருவில் உண்டு. அவர்கள்கூட இதைப் பார்த்துவிட்டு வாயை மூடிக்கொண்டு போனார்கள்.

இளஞ்செழியன் கல்வராயன் மலைமேல் ஒரு பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியார். அடிவாரத்திலிருந்து அந்த சைக்கிளில்தான் ஏறுவான், இறங்குவான். வீடு திரும்பியதும் பேட்டரி சூடாக இருக்கும். ஆறட்டும் என்று டீ குடித்து, கதை பேசி, அப்புறம்தான் வயரைச் செருகுவான். பச்சை வந்ததும் பேட்டரிப் பெட்டியில் வோல்ட் காட்டும் மீட்டரைப் பார்த்துவிட்டுப் பிடுங்கிவிடுவான். "மேல நாப்பத்தெட்டுன்னு எழுதியிருக்கும், அத நம்பாதம்மா. ஃபுல்லுன்னா அம்பத்தி நாலு புள்ளி ஆறு" என்பான். அவளுக்கு அந்த நம்பர் மட்டும் நெஞ்சில் ஒட்டிக்கொண்டது.

காரியம் முடிந்த மறுநாள் அவளும் பிடுங்கித்தான் பார்த்தாள். மீட்டரில் நம்பர் கொஞ்சம் இறங்கியது. ஐயோ என்று அலறிக்கொண்டு மறுபடி செருகினாள். ஏன் அலறினாள் என்று நாராயணசாமிக்குத் தெரியும். காய்ச்சல் முற்றி மகன் ஆஸ்பத்திரியில் கிடந்தபோது அவன் தலைமாட்டில் ஒரு பெட்டி இருந்தது, அதிலும் நம்பர்தான். கண்ணாடிக்கு வெளியே நின்று அவள் அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். அது இறங்கிக்கொண்டே போனது. சோறு தண்ணி இல்லாமல் கிறுகிறுத்து நின்றவளிடம், "நம்பர் ஏறுது அம்சா, போய் ரெண்டு இட்லி துன்னுட்டு வா" என்று நாராயணசாமி சொன்னார். ஏறவில்லை. அவள் திரும்பி வருவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. அந்தப் பொய் அன்றிலிருந்து அவர் தொண்டையிலேயே கிடக்கிறது.

இந்தப் பங்குனியில் பேட்டரிப் பெட்டி தொட்டால் சுட்டது. ஓரம் லேசாகப் பிதுங்கியிருந்தது, ஒரு மாதிரி இனிப்பு நாற்றம் வேறு. அம்சவள்ளி பாய் விரித்துப் படுப்பதோ அதன் பக்கத்திலேயே. மகனை வாரிக்கொடுத்தாயிற்று, இவளையும் நெருப்புக்குக் கொடுக்க வேண்டுமா என்று நினைத்தார் நாராயணசாமி. "அத அணைச்சுடு அம்சா" என்றார்.

"வெளக்க அணைன்னு சொல்ற வாயி இன்னா வாயி?" என்றாள். அன்றைக்கும் பாயை அதன் பக்கத்திலேயே விரித்தாள்.

வேறு வழி தெரியாமல் டென்னிஸைக் கூப்பிட்டார். மகனோடு படித்தவன், சங்கராபுரத்தில் பேட்டரி வண்டிகளுக்கு ஒர்க்ஷாப் வைத்திருக்கிறான். வந்தவன் முதலில் படத்தைப் பார்த்துக்கொண்டு நின்றான். பிறகு, "வயர எடுக்கட்டாம்மா?" என்று கேட்டுவிட்டுப் பிடுங்கினான். நம்பர் இறங்கியது. அம்சவள்ளி முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டாள்.

"கொஞ்சம் எறங்கறது எல்லா பேட்டரிக்கும் உள்ளதும்மா. எறங்கி ஒரு எடத்துல நின்னுரும். இது நிக்காம போவுது பாருங்க. எப்பவும் ஃபுல்லாவே வச்சிக்கினு இருந்தீங்க இல்ல, உள்ள செல்லு ஒரு வரிசை செத்துப்..." நாக்கைக் கடித்துக்கொண்டான். "கெட்டுப்போச்சும்மா. இனிமே சார்ஜ் ஏத்துனா தீப்புடிச்சிக்கும். வேற போட்டுத் தரேன்."

"அது அவன் கை வச்சது இல்லியே" என்றாள் அவள்.

நாராயணசாமி அவள் பக்கத்தில் போய் உட்கார்ந்தார். "அணைக்க வேணாம் அம்சா" என்றார். "மலையேத்திடலாம்."

விளக்கு வைக்கிற வீட்டில் அணைப்பது என்பதற்குப் பதிலாகச் சொல்கிற சொல்தான். அவள் அவரை ஏறிட்டுப் பார்த்தாள். டென்னிஸ் பக்கம் திரும்பி, "வாசல்ல எடுத்து வை" என்றாள்.

வைக்கோல் போருக்கு எட்டவே, வெறும் சிமெண்டுத் தரையில் டென்னிஸ் பேட்டரியை வைத்தான். பக்கத்தில் ஒரு வாளி மணல் கொட்டி வைத்தான். நாலு பைக் பல்பை வரிசையாகக் கோத்து அதில் மாட்டினான். எரிய எரிய உள்ளே இருப்பது வடிந்துவிடும், வடிந்ததும் தானே நின்றுவிடும், அப்புறம் எடுத்துப்போய்ப் பழைய பேட்டரி வாங்குகிறவர்களிடம் முறையாகக் கொடுத்துவிடுகிறேன் என்றான். சாயங்கால வெயிலில் நாலு பல்பும் எரிந்தன. அம்சவள்ளி சற்றுத் தள்ளி உட்கார்ந்தாள். கண்ணில் நீர் கட்டியிருந்ததால் அவளுக்கு நம்பர் தெரியவில்லை.

"எவ்ளோ காட்டுது?"

"நாப்பத்தெட்டு."

வெயில் இறங்கியது. மறுபடி கேட்டாள். நாப்பத்தஞ்சு என்றார்.

"எறங்குதா?"

நின்னுடுச்சு என்று சொல்ல நாக்கு தயாராகத்தான் இருந்தது. பழகின நாக்கு. நாராயணசாமி அதை அடக்கிக்கொண்டார். "எறங்கிக்கினுதான் இருக்குது" என்றார். சொன்னதும் மற்றதும் வெளியே வந்துவிட்டது. "அன்னிக்கு நம்பர் ஏறல அம்சா. நான் பொய் சொன்னேன்."

"தெரியும்யா."

அவர் திகைத்துப் பார்த்தார். அவள் பல்புகளை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை.

"தெரிஞ்சுதான் போனேன். அது எறங்கறத பாக்கற தெம்பு எனக்கு இல்ல. நீ சொன்னத சாக்கா வச்சிக்கினு எழுந்து போயிட்டேன். பெத்தவ நானு, அவன் போறப்ப இட்லி துன்னுக்கினு இருந்தேன்."

நாராயணசாமி அவள் கையைப் பிடித்துக்கொண்டார். இத்தனை நாளாக ஒரே வீட்டில் ஆளுக்கொரு மூலையில் இதைச் சுமந்திருக்கிறோமே என்று அவருக்கு அழுகை முட்டியது.

பல்புகள் மங்கி, மஞ்சளாகிக் கொண்டிருந்தன. "கொஞ்சம் டீ குடிச்சுட்டு வாங்கம்மா, நான் பாத்துக்கறேன்" என்றான் டென்னிஸ்.

"வேணாம்ப்பா. நான் இங்கியே இருக்கிறேன்."

இருந்தாள். நாராயணசாமி ஒவ்வொரு நம்பராகச் சொல்லிக்கொண்டு வந்தார், ஒன்றையும் கூட்டிச் சொல்லவில்லை. நாப்பத்தொண்ணு என்று சொன்னபின் நாலு பல்பும் ஒன்றாக நின்றுபோயின. மேற்கே மலை இன்னும் தெரிந்தது. அம்சவள்ளி அந்தப் பக்கமாகக் கும்பிட்டாள்.

"மலையேறிட்டான்" என்றாள்.