அடியறைக் காற்று

மகனின் இரண்டு கால்களும் ஏணியில் இறங்கிவிட்டன. இடுப்புக்கு மேலே மட்டும்தான் வெளியே இருந்தான். அவள் படகின் மேல்தளத்தில் முழங்காலிட்டு, அவனுடைய வலது கையை முழங்கைக்குக் கீழே இரண்டு கைகளாலும் பிடித்து, தன் உடம்பு முழுவதையும் பின்னால் சாய்த்தாள்.

“விடும்மா.”

“மேல ஏறு.”

“அப்பா அங்க கிடக்கறாரு. தெரியலையா உனக்கு?”

தெரிந்தது. அடியறை ஓர் ஆள் உயரத்துக்குச் சற்று அதிகம், அவ்வளவுதான். ஏணிக்குப் பக்கத்திலேயே அவர் ஒருக்களித்துக் கிடந்தார். கன்னம் இரும்புத் தகட்டில் அழுந்தியிருந்தது. ஒரு செருப்பு கழன்று தனியாகக் கிடந்தது. கைக்கெட்டும் தூரத்தில் மூடாத பாட்டில் ஒன்று விழாமல் நின்றது. அதில் குமிழிகள் இன்னும் ஏறிக்கொண்டிருந்தன.

அவரை அந்தப் படகுத்துறையில் எல்லோரும் சோடாக்காரர் என்றே கூப்பிட்டார்கள். பழைய சரக்குப் படகு ஒன்றை வாங்கி, மேலே குடியிருந்து, கீழே சோடா போட்டவர். குடும்பத்தோடு நீரில் வாழ வந்த முதல் வருடமே அவர் ஒன்றைக் கண்டுபிடித்தார். தண்ணீர் எவ்வளவு குளிர்ந்திருக்கிறதோ அவ்வளவுக்குத்தான் கரியமில வாயு அதில் கரையும். வெதுவெதுப்பான தண்ணீரில் எத்தனை குலுக்கினாலும் மூடியைத் திறந்ததும் ஓடிப்போய்விடும். படகில் இருக்கும் பேட்டரிக்குப் பெரிய குளிர்பெட்டி கட்டுப்படியாகாது. ஆனால் படகின் அடி முழுவதும் ஆற்றுக்குள் இருக்கிறது. அந்தத் தகட்டை ஒட்டி பாட்டில்களை அடுக்கினால் போதும். ஆறே குளிர்வித்துக் கொடுக்கும். அதனால் சிலிண்டர், குழாய், பாட்டில் எல்லாவற்றையும் அடியறைக்குக் கொண்டுபோனார். அவர் சோடாவை வாயில் ஊற்றினால் நாக்கு சுள்ளென்று கிள்ளும்.

அந்த வாயு காற்றைவிடக் கனமானது. கசிந்தால் மேலே போகாது, தண்ணீர் மாதிரி தாழ்வான இடம் தேடி இறங்கும். வீட்டில் கசிந்தால் கதவிடுக்கு வழியாக வெளியே வழிந்துவிடும். படகு என்பது ஒரு கிண்ணம். தண்ணீர் உள்ளே வராமலிருக்கத்தான் அதைச் செய்கிறார்கள். உள்ளே விழுந்தது வெளியே போகவும் அதில் வழி கிடையாது. அது அவருக்கும் தெரியும். அவளுக்குச் சொல்லிக்கொடுத்ததே அவர்தான். ஒருநாள் காலிக் குடம் போலத் தெரிந்த ஒன்றை எடுத்துவந்து, எரிகிற மெழுகுவர்த்தி மேல் சாய்த்தார். எதுவும் விழவில்லை, சுடர் மட்டும் அணைந்தது. “பாத்தியா, ஊத்திட்டேன்,” என்று சிரித்தார். பிறகு சிரிக்காமல், “கீழ நான் விழுந்து கிடந்தா நீ இறங்கக் கூடாது. முதல்ல காத்து, அப்புறம்தான் ஆளு,” என்றார்.

அதற்காகவே அடியறையின் முன்பக்க மூடியையும், ஏணி இறங்கும் பின்பக்க மூடியையும் எப்போதும் திறந்து வைப்பார். முன்னால் நுழையும் காற்று அடியைத் துடைத்துக்கொண்டு பின்னால் போய்விடும். இன்றைக்குப் பக்கத்துப் படகில் பெயிண்டர் வேலை செய்துகொண்டிருந்தார். பெயிண்ட் வாடை வந்தால் சோடாவில் ஏறிவிடும் என்று சோடாக்காரர் முன்மூடியை உள்ளிருந்து தாழ்ப்பாள் போட்டுவிட்டார். காலையில் புதுச் சிலிண்டரை மாட்டிவிட்டு மேலே வந்து சாப்பிட்டார். கீழே அது சீறியிருக்க வேண்டும். பெயிண்டரின் தேய்க்கும் இயந்திரம் போட்ட சத்தத்தில் யாருக்கும் கேட்கவில்லை. வாயுவுக்கோ வாடையும் கிடையாது, நிறமும் கிடையாது. சாப்பிட்டுவிட்டு அவர் மறுபடி கீழே இறங்கினார்.

“மூச்ச அடக்கிட்டு ஒரு நிமிஷத்துல வந்துடறேன்,” என்றான் மகன்.

“இறங்கும்போது அடக்கலாம். அவரத் தூக்கும்போது அடக்க முடியாது. ஒரு தடவ உள்ள இழுத்தா நீயும் அவர் மேலயே கிடப்ப.”

“எனக்கும் தெரியும்மா அது. எல்லாம் தெரியும். விடு.”

அவன் கையை முறுக்கினான். அவள் விடவில்லை. நழுவுகிறது என்று தெரிந்ததும் விரல்களை மடக்கிக்கொண்டாள். திரும்பிப் பார்க்காமலே பெயிண்டரைக் கத்திக் கூப்பிட்டாள். இயந்திரம் நின்றது. திடீரென்று வந்த அமைதியில் கீழேயிருந்து சீறல் மெல்லிசாகக் கேட்டது.

பெயிண்டர் ஒரே தாவலில் இந்தப் படகுக்கு வந்தார். முகமெல்லாம் வெள்ளைத் தூசி. எட்டிப் பார்த்துவிட்டு அவரும் ஏணிப்பக்கம் குனிந்தார்.

“நீங்களும் இறங்காதீங்க. முன்னாடி மூடிய உடைங்க.”

“அக்கா, ஆளு கிடக்கறாரு…”

“உடைங்கன்னு சொல்றேன்ல.”

அவர் ஓடினார். கடப்பாரை இரும்பில் மோதும் ஓசை படகு முழுவதும் அதிர்ந்தது. ஒவ்வோர் அடிக்கும் கீழே பாட்டில்கள் ஒன்றோடொன்று உரசிக் கலகலத்தன. அந்தத் தாழ்ப்பாள் லேசில் விடாது. புயலுக்குத் தாங்க வேண்டும் என்று சோடாக்காரர் பார்த்துப் பார்த்துப் போட்டது.

“அப்பா,” என்று மகன் கீழே பார்த்துக் கூப்பிட்டான். சின்ன வயதில் கூப்பிடுகிற மாதிரி இருந்தது. “அப்பா, எழுந்திரிங்கப்பா.”

அவரது முதுகு அசைகிறதா என்று அவள் பார்த்தாள். படகு அசைந்ததால் எல்லாமே அசைந்தது.

மூடி பெயர்ந்தது. முன்பக்கம் வெளிச்சம் விழுந்தது. ஆனால் காற்று கொஞ்சம்தான் இருந்தது. மேல்பாதியைத்தான் அது கலைக்கும். அடியில் தேங்கியது தேங்கியபடியே இருக்கும். அதை மேலே இறைக்க வேண்டும்.

“குடை,” என்றாள். “சமையல் ரூம் கதவுக்குப் பின்னாடி பெரிய குடை இருக்கு.”

பெயிண்டர் அவளைப் பார்த்த பார்வையில் பயம் இருந்தது. ஆள் கலங்கிப் போய்விட்டாள் என்றே நினைத்திருப்பார். இருந்தும் ஓடிப்போய் எடுத்துவந்தார்.

“விரிச்சு, கைப்பிடியில கயிறு கட்டி, கைப்பிடி மேல வர்ற மாதிரி கீழ விடுங்க. வேகமா மேல இழுங்க. கிணத்துல தண்ணி இறைக்கற மாதிரி. மேல வந்ததும் ஆத்துப் பக்கம் கவுத்துங்க.”

“ஒண்ணுமே இல்லையேக்கா அதுல.”

“இருக்கு. இறைங்க.”

அவர் இறைத்தார். விரிந்த குடை கிண்ணம் போல மல்லாந்து இறங்கும், அடியைத் தொடும், குபுக்கென்று மேலே வரும், ஆற்றின் மேல் கவிழும். எதுவும் கொட்டவில்லை. அக்கம்பக்கப் படகுகளில் ஆட்கள் வந்து நின்றார்கள். ஒருவர் போனில் ஆம்புலன்ஸுக்கு வழி சொன்னார். இன்னொருவர் கொக்கிக்கழி கொண்டுவந்து நீட்டினார். பெயிண்டர் குடையை அவரிடம் கொடுத்துவிட்டு, கழியால் சோடாக்காரரின் சட்டைக் காலரைக் கோத்து இழுத்தார். தலை கொஞ்சம் உயர்ந்தது. மகன், “மெதுவா, மெதுவா,” என்றான். சட்டை கிழிந்தது. தலை மறுபடியும் தகட்டில் விழுந்த ஓசை எல்லோருக்கும் கேட்டது.

மகன் அவள் பக்கம் திரும்பினான். முகம் அவள் முகத்துக்கு மிக அருகில் இருந்தது.

“நீதாம்மா அவரக் கொல்ற.”

அவள் பிடியைத் தளர்த்தவில்லை.

பெயிண்டர் ஒரு துணியைச் சுருட்டிப் பற்றவைத்து, கம்பியில் கட்டி உள்ளே விட்டார். பாதி ஏணியில் அணைந்தது. மறுபடி இறைத்தார்கள். மறுபடி பற்றவைத்தார்கள். இந்த முறை சோடாக்காரரின் தோள் வரைக்கும் சுடர் போனது, சுருங்கியது, அணைந்தது. சீறல் ஓய்ந்திருந்தது, சிலிண்டரில் இனி ஒன்றும் இல்லை. மூன்றாம் முறை சுடர் கழன்று கிடந்த செருப்பின் பக்கத்தில் நின்று எரிந்தது.

அவள் மகனின் இடுப்பில் கயிற்றைக் கட்டி, முடிச்சை இரண்டு தரம் இழுத்துப் பார்த்தாள்.

“போ,” என்றாள்.

*

ஆஸ்பத்திரியில் டாக்டர் அதிக நேரம் எடுத்துக்கொள்ளவில்லை. கொண்டுவரும்போதே முடிந்துவிட்டது என்றார். எப்போது முடிந்தது என்று அவரும் சொல்லவில்லை, அவளும் கேட்கவில்லை. விழுந்த உடனேயா, குடை இறங்கி ஏறியபோதா, சட்டை கிழிந்தபோதா. அந்தக் கேள்விக்கு ஒரு பதில் இருந்தால் அவள் ஒரு ஆள், இன்னொரு பதில் இருந்தால் வேறொரு ஆள்.

பிணவறைக்கு வெளியே நீளமான பெஞ்சில் அவள் ஒரு கோடியில் உட்கார்ந்திருந்தாள். மறு கோடியில் மகன். நடுவில் மூன்று பேர் உட்காரலாம். அவன் வியர்வையில் நனைந்த பனியனோடு வந்ததைப் பார்த்துப் பெயிண்டர் தன் முழுக்கைச் சட்டையைக் கழற்றிக் கொடுத்திருந்தார். அது அவனுக்குத் தொளதொளவென்று இருந்தது. படகிலிருந்து இங்கே வந்து சேரும் வரை அவன் அவளிடம் ஒரு வார்த்தை பேசவில்லை.

நாத்தனார் வந்தாள். சோடாக்காரருக்கு அக்கா. தம்பி படகு வாங்கிய நாளிலிருந்து, “தரையில இடமே இல்லாத மாதிரி தண்ணியில போய் குடும்பம் நடத்தறான்,” என்று பார்க்கிறவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தவள். உள்ளே போய்ப் பார்த்துவிட்டு வந்து, பெஞ்சின் முன்னால் நின்றாள். உட்காரவில்லை.

“கன்னத்துல காயம் இருக்கே.”

“கீழ விழுந்ததுல, அண்ணி.”

“துறையில எல்லாரும் சொன்னாங்க. எந்தம்பி கீழ கிடந்தானாம், நீங்க மேல குடை விரிச்சிட்டு நின்னீங்களாம்.” குரல் உயரவில்லை. அதுதான் கேட்க முடியாமல் இருந்தது. “வெயிலு ரொம்பவா?”

பெயிண்டர் ஏதோ சொல்ல வாயெடுத்தார். “அதில்லீங்க, அது வந்து காத்து…” என்றவர், எங்கே ஆரம்பிப்பது என்று தெரியாமல் நிறுத்திக்கொண்டார். கனமான காற்று, கிண்ணம், குடை. இந்த நடைபாதையில் நின்று சொன்னால் எல்லாமே கதை அளப்பது போல இருக்கும்.

நாத்தனார் அவளை விட்டுவிட்டு மகன் பக்கம் திரும்பினாள்.

“அவ பொம்பள, பயந்தா. சரி. நீ எதுக்குடா இருக்க? தோளுக்கு மேல வளர்ந்திருக்க. பெத்த அப்பன் கண்ணு முன்னாடி கிடக்கறப்போ நீ ஏன் இறங்கல?”

அவள் மகனைப் பார்த்தாள். அவன் சொல்லப் போகிறான். சொல்லட்டும் என்று நினைத்தாள். உண்மைதானே, சொல்ல அவனுக்கு உரிமை இருக்கிறது. சொல்லிவிட்டால் அதற்குப் பிறகு இந்தப் பெஞ்சின் நீளம் எந்நாளும் குறையாது என்பதும் அவளுக்குத் தெரிந்தது.

அவன் தரையையே பார்த்துக்கொண்டிருந்தான்.

“பயந்துட்டேன் அத்தை,” என்றான்.

“பயந்துட்டியா.”

“ஆமா. அம்மா போகச் சொன்னாங்க. எனக்குத்தான் கால் வரல.”

நாத்தனார் சுவரில் சாய்ந்து, அப்படியே சரிந்து தரையில் உட்கார்ந்து, முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள். பெயிண்டர் தண்ணீர் எடுத்துவரப் போனார்.

மகன் நெற்றியைத் துடைக்க வலது கையைத் தூக்கினான். தொளதொளத்த சட்டைக்கை முழங்கை வரைக்கும் வழிந்தது. முன்கையில் பிறை பிறையாக எட்டு நகத்தடங்கள். சிலவற்றில் ரத்தம் கசிந்து உறைந்திருந்தது. அவள் அப்போதுதான் அவற்றைப் பார்த்தாள்.

அவள் பார்ப்பதை அவனும் பார்த்தான். அத்தை முந்தானையை விலக்குவதற்குள் சட்டைக்கையை மணிக்கட்டு வரைக்கும் இழுத்துவிட்டான். பட்டனைத் தேடினான். அந்தக் கையில் பட்டன் இல்லை. துணியின் இரண்டு முனைகளையும் இடது கையால் சேர்த்துப் பிடித்துக்கொண்டு, உள்ளிருந்து கூப்பிடும் வரை அப்படியே உட்கார்ந்திருந்தான்.