குழலுக்கு அடியில் ஒரு முயல்

ஏலக் கம்பெனியின் பின்னறையில் பழைய துப்பாக்கிகளுக்கு விலை மதிக்கும் அம்மாள் எதற்கும் லேசில் அசருகிறவர் இல்லை. அண்ணனும் தங்கையுமாக இருவர் வந்து ஒரு கம்பளிச் சுருளை மேசைமேல் வைத்தபோதும் சாவதானமாகத்தான் பிரித்தார்.

உள்ளே ஒரு வேட்டைத் துப்பாக்கி. எட்டுப் பட்டைக் குழல், வால்நட் மரக்கட்டை, விசையைச் சுற்றிக் கொம்பில் செய்த காப்பு. குழலின் மேல் இலைக்கொடி செதுக்கிய சட்டம் ஒன்று. அதற்குள் பெயர் இருக்கவேண்டிய இடம் காலி.

"அப்பாவோடது மேடம். போன மழைக்காலத்துல தவறிட்டார்," என்றாள் தங்கை.

அண்ணன் குரலைத் தாழ்த்தினான். "லைசென்ஸ் எல்லாம் சரியா இருக்கு. ஆனா பேரை யாரோ அரம் போட்டு ராவி எடுத்திருக்காங்க, இது திருட்டு மால்னு சித்தப்பா சொல்லிக்கிட்டே இருப்பார். அதனாலயே அப்பாவுக்கும் அவருக்கும் பேச்சுவார்த்தை நின்னு போச்சு. எங்க வாங்கினீங்கன்னு கேட்டா அப்பா சிரிப்பாரே தவிர வாயைத் திறக்கமாட்டார்."

"விலை கிடக்கட்டும் மேடம். அந்தப் பேச்சு உண்மையா பொய்யா, அது தெரிஞ்சா போதும்," என்றாள் தங்கை.

அம்மாள் முதலில் உள்ளே தோட்டா இல்லை என்று உறுதி செய்துகொண்டார். பிறகு ஒரு எஃகு அளவுகோலைச் சட்டத்தின் குறுக்கே நிறுத்தி, பின்னால் விளக்கைப் பிடித்தார். கீற்று வெளிச்சம்கூட ஒழுகவில்லை. லென்ஸில் பார்த்தால் இலைகளின் ஓரம் இன்னும் கூராக இருந்தது.

"ராவியிருந்தா இந்த இடம் குழிஞ்சிருக்கணும், இலையெல்லாம் மழுங்கியிருக்கணும். இங்க பேரே வெட்டினதில்லைம்மா."

இதற்குமுன் யாரும் கழற்றிய கீறல் இல்லாத திருகாணிகளைக் கழற்றிக் குழலைத் தூக்கினார். அது லேசில் வரவில்லை. ஒரு முடி நுழைய இடமில்லாதபடி மரம் இரும்பைக் கவ்விக்கொண்டிருந்தது. குழலின் அடியில் கிரீடம் வைத்த எழுத்துகள், பக்கத்தில் மாதமும் வருடமும்.

"ஜெர்மனியில வெடிமருந்தை அதிகமா வச்சுச் சுட்டுப் பாப்பாங்க. குழல் தாங்கினா இந்த முத்திரையைக் குத்துவாங்க. ஆயிரத்துத் தொள்ளாயிரத்து இருபத்தேழு, மார்ச். சின்னப் பட்டறைக்காரங்க செஞ்சு கொடுப்பாங்க, விக்கிற கடைக்காரர் மேல தன் பேரை வெட்டிக்குவார். இது அப்படி ஒரு கடைக்குப் போகாமலே கைமாறியிருக்கு. உங்கப்பா யார்கிட்ட வாங்கினார்னு துப்பாக்கி சொல்லாது. ஆனா பேரை அழிச்சாங்கன்னு சொன்னது..."

பாதியில் நிறுத்திவிட்டு மரக்கட்டைமேல் குனிந்தார். குழல் படுத்திருந்த பள்ளத்தின் அடியில், நகத்தளவு இடத்தில், ஒரு முயல். காதுகளை முதுகோடு ஒட்டிச் சுருண்டு தூங்கிக்கொண்டிருந்தது. மீசை முடிகூடத் தெரிந்தது. செதுக்கியவன் குழலை மேலே பொருத்திய நாளிலிருந்து யாருடைய கண்ணும் அதன்மேல் பட்டிருக்க வழியில்லை. தெரிந்தே செதுக்கி, தெரிந்தே மூடியிருக்கிறான்.

அம்மாளுக்கு உடம்பு புல்லரித்தது. லென்ஸைத் தங்கையிடம் நீட்டினார். மூன்று பேரும் மாறி மாறிப் பார்த்தார்கள்.

"என்ன விலை போடுவீங்க மேடம்?" என்று கடைசியில் அண்ணன் கேட்டான்.

"பேர் இல்லாததால சந்தையில பாதிதான் கேப்பாங்க. நான் முழுசாத்தான் எழுதுவேன். அதுகூட இரும்புக்கும் மரத்துக்கும்தான். இந்த முயலுக்கு என்ன எழுதறதுன்னு எனக்குப் புரியல."

தங்கை அண்ணனைப் பார்த்தாள். "விக்க வேணாம்ணா."

அவன் தலையசைத்தான். "மேடம், இதை நாளைவரைக்கும் மூடாம வைக்க முடியுமா? சித்தப்பாவைக் கூட்டிட்டு வரணும்."

மறுநாள் சித்தப்பா விறைப்பாகத்தான் உள்ளே வந்தார். அம்மாள் முத்திரைகளைக் காட்டினார், அளவுகோலை நிறுத்திக் காட்டினார், கடைசியில் விளக்கைப் பள்ளத்தின் பக்கம் திருப்பினார். குனிந்தவர் வெகுநேரம் நிமிரவில்லை. நிமிர்ந்தபோது கண் கலங்கியிருந்தது.

"எங்க அண்ணன் இதைப் பாத்திருப்பாரா?" என்றார்.

"செஞ்சவனைத் தவிர யாருமே பாத்ததில்லைங்க. நாமதான் முதல்ல," என்றார் அம்மாள்.

சித்தப்பா நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு, மறுபடி லென்ஸைக் கையில் எடுத்தார்.