இடது மிதி

என் பெயர் கோபிநாத். வயது இருபத்து மூன்று. இரண்டாயிரத்து ஒன்றில் ஷார்ஜா வந்தேன். ஒரு லாண்டிரியில் இஸ்திரி போடுகிறேன். சொந்த ஊர் ஆரணி, கொசப்பாளையம்.

வெள்ளிக்கிழமை மத்தியானம்தான் வீட்டுக்குப் போன் பேசுவேன். எங்கள் வீட்டில் போன் தறி அறையில், ஜன்னல் மேடையில் இருக்கிறது. அம்மா பேசும்போது பின்னால் நைனா பட்டு நெய்யும் சத்தம் வந்துகொண்டே இருக்கும். வலது மிதியை அழுத்தினால் இழையைத் தட்டும் பலகை உடனே வந்து மோதும். இடது மிதிக்குக் கொஞ்சம் யோசிக்கும். அந்த யோசனைதான் நைனாவின் இடது முழங்கால். உள்ளே எலும்பும் எலும்பும் உரசுகிறது என்று வேலூரில் படம் எடுத்துச் சொன்னார்கள். அம்மா தெருக்கதை சொல்வாள். நான் உம் கொட்டிக்கொண்டே அந்த இடைவெளி நீண்டிருக்கிறதா, குறைந்திருக்கிறதா என்று கேட்டுக்கொண்டிருப்பேன்.

மிதிகள் இருக்கும் தறிக்குழிக்குள் நைனா காலடியில் எங்கள் நாய் படுத்திருக்கும். குட்டியாக இருந்தபோது வாசலுக்கும் கொல்லைக்கும் ஓயாமல் ஓடும். தறியில் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஓடுகிற நாடாவின் பெயரையே அதற்கும் வைத்துவிட்டோம். வயதானதும் அதற்கும் பின்னங்கால் மூட்டு பிடித்துக்கொண்டது. காலையில் நைனா முதலில் அதைத் தூக்கிக் குழியில் இறக்குவார். பிறகு விளிம்பைப் பிடித்துத் தானும் இறங்குவார். முனகியது யார் என்று வெளியிலிருந்து சொல்ல முடியாது. அம்மா இரண்டு பேருக்கும் ஒரே கிண்ணத்தில்தான் எண்ணெய் காய்ச்சுவாள்.

என்னோடு அறையில் தங்கியிருக்கும் தேசூர்க்காரர் அருணகிரி லீவில் போனபோது, மூட்டுவலி மாத்திரை ஒரு டப்பா வாங்கிக் கொடுத்தனுப்பினேன். ரோஸ் நிற மாத்திரை. அது கிடைத்த வாரம் நைனாவே போனை எடுத்து, அமிர்தம்டா என்றார். பிறகு அம்மாவிடம் போனைக் கொடுத்துவிட்டுத் தறிக்குப் போனார். காதை அழுத்திக் கேட்டேன். இடது மிதி பழையபடியே யோசித்தது.

போன வெள்ளிக்கிழமை தறிச் சத்தமே இல்லை. ஏன் என்று கேட்டதற்கு அம்மா முதலில் மழை, பாவு நூல் ஈரம் என்று எதையெதையோ சொன்னாள். கடைசியில் குரலைத் தாழ்த்தினாள்.

"நீ அனுப்புன மாத்திரைய அவரு எங்கடா முழுங்கினாரு? இட்லில வச்சி நாயிக்குப் போட்டுகினு இருந்துகிறாரு."

ஆரம்பத்தில் நாடா குட்டி மாதிரி தெருமுனை வரைக்கும் ஓடியதாம். நைனா வாசலில் நின்று எல்லோரையும் கூப்பிட்டுக் காட்டினாராம். அப்புறம் சாப்பாட்டை மோந்து பார்ப்பதோடு சரி. கறுப்புக் கறுப்பாகக் கழிந்தது. மாட்டாஸ்பத்திரி டாக்டர், மனுஷ மாத்திரை நாய்க்கு ஆகாது, வயிறு புண்ணாகிவிட்டது என்று மருந்து ஏற்றினார். பிழைக்குமா என்று கேட்டதற்கு, பார்க்கலாம் என்று மட்டும் சொன்னாராம்.

எனக்குக் கோபம் வந்தது. நைனாவைக் கூப்பிடச் சொன்னேன். நைனா வந்து போனை வாங்கினார்.

"ஒரே குழில கெடக்குறோம். ஒரே நோவு. மாத்திரை மட்டும் வேற வேறயாடா?"

"கட்டிகினவளுக்கு ஒரு நாளாவது தைலம் தேச்சி வுட்டுகிறாரா கேளு," என்று பின்னாலிருந்து அம்மா சொன்னாள்.

மீதி மாத்திரையை நீங்கள் போட்டுக்கொண்டு தறியில் உட்காருங்கள் நைனா என்றேன்.

"அது எறங்கட்டும். அப்பால நான் எறங்குறேன்."

அதற்குப் பிறகு இஸ்திரி மேஜையில் நிற்கும்போதே கனவு மாதிரி ஏதோ வருகிறது. நீராவி புஸ்ஸென்று எழுந்து கலைந்தால் அடியில் எங்கள் தறிக்குழி. குழிக்கு அந்தப் பக்கச் சுவர் இல்லை, கடல்தான் இருக்கிறது. நாடா இளங்குட்டியாக ஆரணியிலிருந்து இங்கே ஓடி வருகிறது, என் காலை மோந்துவிட்டுத் திரும்பி ஓடுகிறது. அதன் பின்னால் அரக்கு நிறத்தில் ஒரு பட்டிழை தண்ணீர்மேல் நீண்டுகொண்டே போகிறது. கடிவாளம்போல் இழை இழுபடும்போது என் முழங்காலில் சுருக்கென்கிறது.

நேற்று வெள்ளிக்கிழமை. நம்பரை அழுத்தி, மணி அடிப்பதற்குள் வைத்துவிட்டேன். மறுபடி அழுத்தினேன், மறுபடி வைத்தேன். சத்தமில்லாத அந்த அறையை இன்னொரு தரம் கேட்க என்னால் முடியாது. சத்தம் கேட்டாலும் நம்ப முடியாது. ஒப்புக்கொண்ட புடவைக்காக அம்மா குழியில் இறங்கியிருக்கலாம். அவள் மிதித்தால் இரண்டு அடியும் ஒழுங்காக விழும்.

இதைப் படிக்கிறவர்கள் யாராவது ஆரணிப் பக்கம் போனால், கொசப்பாளையத்தில் தறிக்காரர் தசரதன் வீடு என்று கேளுங்கள். உள்ளே போக வேண்டாம், யாரிடமும் ஒன்றும் விசாரிக்க வேண்டாம். ஜன்னலோரம் கொஞ்ச நேரம் நின்று, இரண்டாவது அடி யோசித்து விழுகிறதா என்று மட்டும் கேட்டு எனக்குச் சொல்லுங்கள்.